பெயரும் பெறுமதியும்

(நூற்றாண்டு விழா உரைத்தொடரில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கட துறையில் ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டார். அலுவலகத்தில் நான் எழுதும் மென்பொருளைப் பற்றிப் பேசினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் நித்திரையாகி விடுவீர்கள். ஆகவே சனிக்கிழமைகளில் நான் செய்வதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் நான் ரயில் விடுகிறேன். றீல் விடவில்லை, உண்மையாகவே ரயில்தான். நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஒரு பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

புலம்பெயர்ந்து நான் வாழும் ஊரில் மாதிரி ரயில் கழகம் ஒன்று இருக்கிறது. ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி முழுவதும் தண்டவாளம், மலை, பாலம், நிலையங்கள். மாதத்தில் ஒரு நாள் பத்துப் பதினைந்து பேர் கூடி, நிஜப் புகையிரதத் திணைக்களம் போல நேர அட்டவணை போட்டு ஓட்டுவார்கள். அந்தக் கழகத்தில் பெண்கள் இரண்டு பேர்தான். அந்த இருவரில் ஒருத்தியின் கையில்தான் அவர்களுடைய கணினி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கணினியில் ஓடும் மென்பொருளின் பெயர் ஜே.எம்.ஆர்.ஐ. ஜாவா மொடல் ரெயில்ரோட் இன்ரர்பேஸ் என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் பொப் ஜேக்கப்சன் தொடங்கி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதி வளர்த்தது. யாரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. எழுதியவர்களின் பெயரை நீக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஒரு வணிக நிறுவனம் அந்தப் பெயர்களை நீக்கிவிட்டு அதன் கோப்புகளைத் தன் பொருளில் சேர்த்துக்கொண்டது. வழக்கு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2008 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, இப்படிப்பட்ட திறந்த உரிமங்களின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழேயே வலியுறுத்தலாம் என்றது. சட்டம் படித்த எங்கள் தோழிகளுக்கு அந்த வழக்கு தெரிந்திருக்கும். ஒரு விளையாட்டு ரயில் மென்பொருளில் தொடங்கிய வழக்கு என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, விசயத்துக்கு வருவோம். இந்த மென்பொருளுக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு. தண்டவாளம் கிளை பிரியும் இடத்தில் உள்ள பொயின்ற், பாதையில் ரயில் நிற்கிறதா என்று பார்க்கும் சென்சர், கைகாட்டி விளக்கு எல்லாமே தனித்தனிப் பெயரோடு அட்டவணைகளில் இருக்கும். பொயின்ற்றுக்குப் பின்னால் ஒரு சிறு மோட்டர் இருக்கிறது. சென்சருக்குப் பின்னால் ஒரு வயர் இருக்கிறது. கணினி தவறாக நினைத்துக்கொண்டாலும் அந்த வயர் வந்து திருத்திவிடும்.

அந்த அட்டவணைகளுக்கு நடுவே மெமரி என்று ஒன்று இருக்கிறது. நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான். அது பெயர் ஒட்டிய ஒரு வெறும் பெட்டி. உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம்: ஓர் எண், ஒரு சொல், ஒரு ரயிலின் பெயர், இன்று எத்தனையாவது சுற்று என்ற கணக்கு. வைத்ததை அது வைத்திருக்கும். கேட்டால் சொல்லும். மாறினால், அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் அறிவிக்கும். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் மோட்டரும் இல்லை, வயரும் இல்லை.

வயர் இல்லாதது ஏன் பெரிய விசயம் என்பதை எங்கள் கழகத்தின் ஒளிந்த யார்ட்டை வைத்துச் சொல்கிறேன். மலைக்குக் கீழே, பார்வைக்கு மறைவாக ஆறு பாதைகள் இருக்கின்றன. ஒரு ரயில் மேடையில் ஓடி முடிந்ததும் கீழே போய் அடுத்த முறைக்காகக் காத்திருக்கும். சென்சர் "நாலாம் பாதையில் ஏதோ நிற்கிறது" என்று சொல்லும். எது நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது மெமரி. பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பிளொக் என்பார்கள். ஒரு பிளொக்கின் சென்சர் "இங்கே வந்துவிட்டது" என்றதும், மென்பொருள் பக்கத்துப் பிளொக்குகளை எட்டிப் பார்க்கும். அங்கே "காலைத் தபால்" என்ற பெயர் இருந்தால் அதை இங்கே எடுத்துக்கொள்ளும். இப்படிப் பெயர் பிளொக்குக்குப் பிளொக் கைமாறி, ரயிலோடு சேர்ந்து நகரும். அதை ஒரு மெமரியோடு இணைத்துவிட்டால் திரையில் அந்தப் பாதையின் மேல் "காலைத் தபால்" என்று எழுத்து தெரியும். முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு மந்திரம் போல இருக்கும்.

ஆனால் யாராவது கையை நீட்டி அந்த எஞ்சினைத் தூக்கி வேறு பாதையில் வைத்துவிட்டால்? சென்சர் உடனே "இங்கே இல்லை, அங்கே இருக்கிறது" என்று சொல்லிவிடும். பெயர் அப்படி வராது. ஆகாயத்தால் வந்த ரயிலுக்குப் பக்கத்துப் பிளொக் என்று ஒன்று இல்லையே. புதிய இடத்தில் பெயர் வெறுமையாக இருக்கும். அது பரவாயில்லை, வெறுமையைப் பார்த்தால் ஒருவர் எழுந்து போய்ப் பார்ப்பார். நேற்று எழுதிய பெயர் இன்றும் அப்படியே நிற்பதுதான் கெட்டது. சென்சருக்கும் பொயின்ற்றுக்கும் "தெரியாது" என்ற நிலை இந்த மென்பொருளிலேயே உண்டு. "முரண்படுகிறது" என்ற நிலையும் உண்டு. மெமரிக்கு அப்படி எதுவும் இல்லை. "எனக்குத் தெரியாது" என்று அது தானாகச் சொல்லாது. ஓட்டத்தின் தொடக்கத்தில் "தெரியாது" என்று அதற்குள் நாங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். இதை நான் கழகத்தில் சொன்னபோது ஒரு மூத்த உறுப்பினர் சிரித்தார். இப்போது அவரே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஆறு பாதைகளும் "தெரியாது" என்று காட்டுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கோட்டைக் கழற்றுகிறார்.

இனிப் பெயருக்கு வருவோம். ஒவ்வொரு மெமரிக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று முறைமைப் பெயர். அது ஐ.எம். என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். முதல் எழுத்து, இது கணினிக்கு உள்ளே மட்டும் வாழ்வது என்று சொல்கிறது. இரண்டாவது, இது ஒரு மெமரி என்று சொல்கிறது. அதன் பிறகு உங்கள் விருப்பப்படி ஓர் எண்ணோ சொல்லோ வரலாம். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், மாற்ற முடியாது. மற்றது பயனர் பெயர். அது நாங்கள் கூப்பிடும் பெயர். வைக்கலாம், வைக்காமல் விடலாம், பிறகு மாற்றலாம். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கவும் செய்யலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மெமரிக்கு ஒரே பயனர் பெயர் இருக்க முடியாது.

இது எங்கள் சங்கத்துக்குப் புதிய விசயமா? இந்த மலருக்காகப் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியலைத் திரட்டிய தங்கைமாரைக் கேட்டுப் பாருங்கள். இடாப்பில் தகப்பன் பெயரோடு இருந்தவள் கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரோடு வருவாள். ஒருத்தி பட்டியலில் இரண்டு பேராக நிற்பாள். இன்னொருத்தி எங்குமே இல்லாமல் போய்விடுவாள். வீட்டுப் பெயரில் மட்டும் நினைவில் நிற்பவர்களை எங்கே தேடுவது? மாறாமல் இருந்தது சேர்விலக்கம் ஒன்றுதான். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்க்கலாம். இந்த மென்பொருளை எழுதியவர்கள் இரண்டு பெயர் வைத்ததற்கும் அதுதான் காரணம். மனிதருக்குக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும், பதிவேட்டுக்கு மாறாத ஓர் இலக்கம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெட்டுவிடும்.

கழகத்தில் எனக்கு முன் இந்தக் கணினியைப் பார்த்தவர் ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியியலாளர். கெட்டிக்காரர். யார்ட் முழுவதையும் தனி ஆளாக வயர் போட்டவர். ஒரு மாரிகாலத்தில் நோய்வாய்ப்பட்டு, இரண்டு மாதத்தில் காலமாகிவிட்டார். அடுத்த ஓட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நான் மெமரி அட்டவணையைத் திறந்தேன். நூற்றுக்கு மேற்பட்டவை இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு மென்பொருளே தானாகக் கொடுத்த வரிசை எண்தான் முறைமைப் பெயர். பயனர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒவ்வொரு வரிசையிலும் குறிப்பு எழுத ஒரு பத்தி இருக்கிறது, அதுவும் காலி. அவருக்குக் குறிப்புத் தேவைப்படவில்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

அழிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். ஒரு மெமரியை அழிக்கப் போனால் மென்பொருள் தடுத்து, "இதை இன்னும் இவர்கள் பயன்படுத்துகிறார்கள்" என்று பட்டியல் காட்டும். திரையில் உள்ள பலகைகளும் விதிகளும் முறையாகப் பெயர் கொடுத்து அதைக் கவனிப்பதால் அவற்றை அது அறியும். ஆனால் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல்கள் அப்படியல்ல. அவற்றில் பல, ஓடும் நேரத்தில் மட்டும் பெயரைச் சொல்லி மெமரியைக் கேட்கும். ஓடாத நேரத்தில் அவை இருப்பதே மென்பொருளுக்குத் தெரியாது. பட்டியல் காலியாக இருக்கிறது என்பதால் யாருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடாது.

கணினி படிக்கும் தங்கைமார் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஸ்கிரிப்டிலிருந்து ஒரு மெமரியைக் கேட்க இரண்டு வழி உண்டு. ஒன்று, "இந்தப் பெயரில் இருந்தால் தா" என்பது. இல்லாவிட்டால் வெறுங்கை வரும், நிரல் அங்கேயே தடுக்கி விழும். மற்றது, "இந்தப் பெயரில் தா, இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கித் தா" என்பது. இது மிகவும் வசதியானது, பணிவான வேலைக்காரன் போல. ஆனால் நீங்கள் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்துவிட்டாலும் அவன் வாய் திறக்க மாட்டான். பிழையான பெயரில் புதுப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே எதுவும் இல்லாமல் கொண்டுவந்து தருவான். நிரல் நன்றாக ஓடும். ஒருவர் ஒரு பெட்டியில் எழுதிக்கொண்டிருப்பார், மற்றவர் வேறொரு பெட்டியை வாசித்துக்கொண்டிருப்பார். அந்த நூற்றுச் சொச்சத்தில் சில அப்படிப் பிறந்த பெட்டிகள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அவற்றின் பெயர்கள் ஓரெழுத்து வித்தியாசத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. என்னைக் கேட்டால், விழுந்து உடையும் வழியைத்தான் நான் எப்போதும் தெரிவு செய்வேன். சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு சின்னப் பொறி. அட்டவணையில் கையால் 12 என்று அடித்தால் அது எண்ணாகப் போகாது, எழுத்தாகப் போகும். அதோடு ஒன்றை ஒட்டினால் 13 வராது, 121 வரும். கணக்குப் பண்ணும் ஸ்கிரிப்ட் முதலில் அதை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவருடைய மனைவி ஒரு நாள் ஒரு பெட்டி நிறையக் கொப்பிகள் கொண்டுவந்து தந்தார். குப்பை என்று எறியப் போனாராம், பிறகு எதற்கும் எங்களிடம் காட்டிவிட்டு எறியலாம் என்று நினைத்தாராம். வயர்களின் நிறம், சென்சர் இலக்கம் எல்லாம் பென்சிலால் அழகாக எழுதியிருந்தார். மெமரி பற்றி மட்டும் இரண்டே பக்கம். அந்த இரண்டு பக்கத்தையும் கொப்பிகளில் இருந்த மற்றவற்றையும் வைத்து, நானும் இன்னும் இருவரும் நாலு சனிக்கிழமை இருந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். "யார்ட் பாதை 4இல் நிற்பது", "மேற்கு வாசலுக்கு அடுத்து வருவது" என்று நேரான பெயர்கள். குறிப்புப் பத்தியில் மூன்று விசயம் எழுதினோம்: இது எதைச் சொல்கிறது, இதில் யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார். பதினொன்றுக்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவற்றை அழிக்கவில்லை. "தெரியவில்லை, அழிக்க வேண்டாம்" என்று குறிப்பு எழுதி, அன்றைய திகதியையும் போட்டு விட்டோம்.

"இதில் யார் எழுதுகிறார்" என்ற கேள்விதான் மற்ற இரண்டையும் விட முக்கியம் என்பது என் எண்ணம். வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்றாலும் பரவாயில்லை. எழுதுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மென்பொருளே இதற்கு நல்ல உதாரணம் வைத்திருக்கிறது. மாதிரி ரயிலில் நேரம் வேகமாக ஓடும். நிஜத்தில் ஒரு மணித்தியாலம் போவதற்குள் அங்கே நாலு மணித்தியாலம் போகலாம். அந்த வேக மணிக்கூட்டின் தற்போதைய நேரத்தை மென்பொருள் தானே ஒரு மெமரியில் எழுதி வைக்கிறது. யாரும் வாசிக்கலாம். அதற்குள் தன் விருப்பத்துக்கு நேரம் எழுத எவரும் நினைப்பதில்லை. ஆனால் யார்ட்டின் நாலாம் பாதையில் என்ன நிற்கிறது என்பதை எங்கள் கழகத்தில் ஒரு காலத்தில் பிளொக்கும் எழுதியது, ஒரு ஸ்கிரிப்டும் எழுதியது, போதாக்குறைக்குத் திரையில் கிளிக் பண்ணி ஆட்களும் எழுதினார்கள். கடைசியாக எழுதியவர் சொன்னது உண்மையாக நின்றது.

விளையாட்டு ரயிலுக்கு இவ்வளவு தேவையா என்று சிலர் யோசிக்கலாம். நிஜ ரயிலில் இந்தக் கேள்விக்கு மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நோர்விச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடம். ஒற்றைப் பாதை. ஒரு பக்கமிருந்து தபால் ரயில், மறுபக்கமிருந்து பிந்தி வந்த விரைவு ரயில். எந்த ரயிலை முதலில் விடுவது என்பதை நிலையங்களுக்கிடையே தந்தியில் தீர்மானிப்பார்கள். செய்தியை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அனுப்பலாம் என்பது விதி. "தபால் ரயிலை வரவிடு" என்ற செய்தி, மேற்பார்வையாளரின் கையொப்பம் இல்லாமலேயே அனுப்பப்பட்டது. அவரோ விரைவு ரயிலை விட்டுவிட்டார். செய்தியை மீட்கப் பார்த்தபோது, தபால் ரயில் புறப்பட்டுவிட்டது என்று மறுமொழி வந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அந்தக் கம்பியில் போனது ஒரு பெறுமதிதான்: பாதை யாருக்கு என்ற ஒரே ஒரு பெறுமதி. அதை எழுத யாருக்கு உரிமை, எப்போது அது உண்மையாகிறது என்பதில்தான் எல்லாம் நடந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றைப் பாதையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. உள்ளே வட்டமான தகடுகள், அவற்றின் மேல் அந்த இரண்டு நிலையங்களின் பெயர்கள். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும் வரை எந்த முனையிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. தகடு கையில் இருக்கும் சாரதிக்கே பாதை. எங்கள் மலையகப் பாதையில் போனவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் மெதுவாக நிலையத்துக்குள் வரும்போது ஊழியர் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை நீட்டுவார், எஞ்சினில் இருப்பவர் கையை விட்டு வாங்குவார். வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் இருப்பது அந்தத் தகடுதான். நான் சின்னப் பிள்ளையில் அது ஏதோ சாப்பாட்டுப் பை என்று நினைத்திருந்தேன்.

தகட்டைப் பிரதி எடுக்க முடியாது, அதுதான் அதன் அழகு. மெமரியை எத்தனை பேரும் எழுதலாம், அதுதான் அதன் ஆபத்து. ஆகவே எங்கள் கழகத்தில் ஒற்றைப் பாதைப் பகுதிக்கு "தகடு யாரிடம்" என்று ஒரு மெமரி வைத்து, ஒரே ஒரு விதிக்கு மட்டும் அதை மாற்ற உரிமை கொடுத்திருக்கிறோம். பெறுமதி "பெட்டிக்குள்" என்று இருந்தால்தான் அந்த விதி அதை ஒரு ரயிலின் பெயராக மாற்றும். ரயில் மறுமுனைச் சென்சரைத் தாண்டிய பிறகே "பெட்டிக்குள்" என்று திருப்பி எழுதும். திரையில் கிளிக் பண்ணி மாற்றும் வசதியை எடுத்துவிட்டோம். முதல் மாதம் எல்லாரும் முறைப்பாடு சொன்னார்கள். மூன்றாவது மாதம் இரண்டு எஞ்சின்கள் அந்தப் பாதையில் நேருக்கு நேர் வரவில்லை என்பதை ஒருவர் கவனித்தார். அதன் பிறகு முறைப்பாடு குறைந்தது, முற்றாக நிற்கவில்லை.

ஒரு விசயம் சொல்ல மறந்துவிட்டேன். இந்த மென்பொருள் பயனர் பெயரைத் தமிழிலும் ஏற்றுக்கொள்ளும். என் வீட்டு மேசையில் உள்ள சின்னப் பாதையில் "காங்கேசன்துறை மேடை 1" என்று ஒரு மெமரி இருக்கிறது. அதன் பெறுமதி பெரும்பாலும் "யாழ்தேவி". 1990இல் நின்ற கோச்சி 2014 ஒக்ரோபர் 13இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரும்வரை அங்கே என்ன எழுதுவது என்று யோசித்து, வெறுமையாகவே விட்டிருந்தேன்.

மண்டபத்தின் பின்பக்க மேசையில் ஒரு வளையப் பாதையும் ஓர் எஞ்சினும் ஒரு மடிக்கணினியும் வைத்திருக்கிறேன். நாலு பிளொக்குகள், நாலு மெமரிகள். நாலிலும் இப்போது "தெரியாது" என்று எழுதியிருக்கிறது. தேநீர் இடைவேளையில் தங்கைமார் வந்து எஞ்சினுக்குப் பெயர் வைத்து ஓட விட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தும் பாருங்கள். மென்பொருளைக் கல்லூரிக் கணினி அறையில் நிறுவுவதற்கு அதிபர் அனுமதி தந்திருக்கிறார். செலவு ஒன்றும் இல்லை. பயன்படுத்தும்போது குறிப்புப் பத்தியை நிரப்ப வேண்டும் என்று மட்டும் நான் கேட்டிருக்கிறேன்.